முதல் சம்பளத்துக்கு முன்பே கடனாளியாவதா?



மீமிசலிலும் அதைச் சுற்றியுள்ள கடற்கரை ஊர்களிலும் ஒரு காலத்தில் பிள்ளை சம்பாதிக்கப் புறப்படுகிறான் என்றாலே வெளிநாட்டுப் பயணம் என்றுதான் பொருள். பெட்டியில் நான்கு கைலி, இரண்டு சட்டை, ஒரு பாட்டில் ஊறுகாய், கருவாட்டுப் பொட்டலம், அவ்வளவுதான். இன்று நம் பிள்ளைகள் பட்டம் பெற்று, சென்னையிலும் கோவையிலும் பெங்களூரிலும் அலுவலகப் பணிக்குச் செல்கிறார்கள். அல்ஹம்துலில்லாஹ். ஆனால் பணி நியமனக் கடிதத்தோடு ஒரு சொல்லும் வீட்டுக்குள் நுழைகிறது: 'ஸ்மார்ட் கேஷுவல்'. அந்த ஒரு சொல்லுக்காகத் தாயின் வளையல் அடகுக் கடைக்குப் போகுமானால், அதைக் கண்டும் காணாமல் இருக்க நம்மால் இயலாது.

இந்தச் சொல் யாருடையது?

அலுவலகத்தில் சற்றுத் தளர்வான உடை என்னும் வழக்கம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். ஹவாய்த் தீவில் ஆடை உற்பத்தியாளர்கள் தங்கள் பூப்போட்ட சட்டைகளை விற்பதற்காக இயக்கம் நடத்தினர். 1966இல் அங்கு 'அலோஹா வெள்ளி' நடைமுறைக்கு வந்தது. 1992இல் லீவை ஸ்ட்ராஸ் நிறுவனம், அலுவலகத்துக்கு ஏற்ற தளர்வான உடை எது என்று விளக்கும் கையேட்டை அச்சிட்டு, அமெரிக்க நிறுவனங்களின் மனிதவள மேலாளர்கள் 25,000 பேருக்கு அனுப்பி வைத்தது. அந்தக் கையேட்டை எழுதியவர் யார்? 'டாக்கர்ஸ்' என்ற பெயரில் காக்கி பேண்ட் விற்றவர்தான்! துணி விற்பவரே துணி விதியையும் வகுத்தார்.

நம் நாட்டிலும் டை கட்டும் வழக்கம் மெல்லத் தளர்ந்தது. இன்ஃபோசிஸ் நிறுவனம் 2015இல் வாரத்தின் எல்லா நாட்களிலும் தளர்வான உடையை அனுமதித்தது. விதி தளர்ந்தால் செலவு குறைய வேண்டும். நம் வீடுகளிலோ கூடுகிறது! சட்டையும் பேண்டும் போதும் என்று அலுவலகம் இறங்கி வந்த பிறகு, இன்ன பிராண்ட்தான் வேண்டும் என்று நாம் ஏறிப் போகிறோம். இதைவிட விந்தை வேறு என்ன?

அலுவலகம் கேட்பது என்ன?

பெரும்பாலான அலுவலகங்கள் கேட்பது மிக எளிது. காலர் வைத்த சட்டை அல்லது டி-ஷர்ட், கிழிசலும் சாயம்போன திட்டும் இல்லாத பேண்ட், மூடிய காலணி, துவைத்து இஸ்திரி போட்ட துணி, உடம்புக்குப் பொருந்தும் அளவு. இவற்றில் ஒன்றுகூட விலையுயர்ந்த பெயரைக் கேட்பதில்லை. மூவாயிரம் ரூபாய்ச் சட்டை தோளில் தொங்கினால் அழகில்லை. அறுநூறு ரூபாய்ச் சட்டை தோளில் சரியாக நின்றால் அழகு. 'ஆள் பாதி, ஆடை பாதி' என்பார்கள். அந்த ஆடைப் பாதியிலும் பெரும்பங்கு தையற்காரருக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் உரியது என்பதை மறந்துவிடுகிறோம்.

கணக்கையும் பார்த்துவிடுவோம். சட்டை ஒன்று 600 ரூபாய் வீதம் மூன்று, பேண்ட் ஒன்று 900 ரூபாய் வீதம் இரண்டு, காலணி 1,200, பெல்ட் 300: மொத்தம் 5,100 ரூபாய். கடைக்குக் கடை விலை சற்று மாறலாம். ஆனால் முதல் மாதத்துக்கு இதற்கு மேல் தேவையில்லை. கருநீலம், சாம்பல் நிறங்களில் பேண்ட் எடுத்தால் மூன்று சட்டைகளும் இரண்டுடனும் சேரும். ஆறு வகையாக அணியலாம். முதல் வாரம் சக ஊழியர்கள் என்ன அணிகிறார்கள் என்று கவனியுங்கள். மீதியை முதல் சம்பளத்தில் வாங்குங்கள். அலுவலகத்தை ஒருநாளும் பார்க்காமலே ஆறு மாதத்துக்கான உடையை ஒரே மாலையில் அள்ளி வருவது எந்த ஊர் நியாயம்?

அரசின் வரியும் இதையே சொல்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல், 2,500 ரூபாய் வரையிலான ஆடைக்கு ஜி.எஸ்.டி. 5 விழுக்காடு, அதற்கு மேல் 18 விழுக்காடு. 3,000 ரூபாய்ச் சட்டைக்கு வரி மட்டுமே 540 ரூபாய். அந்த வரிப் பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் ஒரு சட்டையே வாங்கிவிடலாம்.

தைத்துக்கொள்வதும் நல்ல வழி. சராசரி உடம்புக்கு 36 அங்குல அகலத் துணியில் இரண்டேகால் மீட்டர் சட்டைக்கும், 58 அங்குல அகலத்தில் ஒன்றேகால் மீட்டர் பேண்டுக்கும் போதும். அறந்தாங்கிக்கோ புதுக்கோட்டைக்கோ போகும் நாளில் துணியெடுத்து நம் ஊர்த் தையற்காரரிடம் கொடுத்தால் அளவும் சரியாக அமையும். கூலியும் நம் ஊரிலேயே தங்கும். 1935இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸின் கைத்தறிப் பருத்தி, சென்னை வெயிலுக்கும் வியர்வைக்கும் ஏற்றது.

தொழுகையை நினைத்து வாங்குங்கள்

கடைக்காரர் சொல்லாத ஓர் அளவு நமக்கு உண்டு. இடுப்புத் தாழ்ந்த இறுக்கமான பேண்டும் குட்டைச் சட்டையும் அணிந்தவர் ஸுஜூதில் குனியும்போது முதுகின் கீழ்ப்பகுதி வெளியே தெரிகிறது. பின்வரிசையில் நிற்பவர் அறிவார். மறைக்க வேண்டிய அவ்ரத்தைத் திறக்கும் ஆடைக்கு எத்தனை ஆயிரம் கொடுத்தால்தான் என்ன? பேண்டை அணிந்து பார்க்கும் அறையிலேயே ஒருமுறை குனிந்து, உட்கார்ந்து பாருங்கள். உளூச் செய்ய முழங்கைவரை எளிதில் மடியும் கைப்பகுதி, கயிறு கட்டாமல் கழற்றும் காலணி, கரண்டைக்கு மேல் நிற்கும் பேண்ட். இவற்றுக்குக் கூடுதலாக ஒரு ரூபாயும் ஆகாது.

சகோதரிகளின் நிலை இன்னும் கவலைக்குரியது. 'ஹிஜாபைக் கழற்றினால்தான் அலுவலகத்தில் மதிப்பார்கள்' என்று சொல்பவர் வெளியார் மட்டுமல்லர். நம் வீட்டு ஆட்களும் சொல்கிறார்கள். தமிழக அரசு 2019இல் தன் ஊழியர்களுக்கு வெளியிட்ட உடை அறிவுறுத்தலில், பெண்களுக்குச் சேலையோடு துப்பட்டா அணிந்த சுடிதாரும் ஏற்கப்பட்டது. முழங்காலுக்குக் கீழே இறங்கும் தளர்வான குர்தா, தளர்வான பேண்ட், ஒரே நிறப் பருத்தி ஹிஜாப் ஆகியவை எந்த அலுவலகத்திலும் கண்ணியமான உடையே. அமெரிக்காவில் தலைத்துணி அணிந்ததால் வேலை மறுக்கப்பட்ட சமந்தா எலாஃப் வழக்கில், அபர்க்ராம்பி ஆடை நிறுவனத்துக்கு எதிராக அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2015இல் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. ஒரு பெண் தன் உரிமைக்காக அவ்வளவு தூரம் நிற்க, கேட்கப்படாத நிபந்தனைக்கு நாமே முன்வந்து பணிவது ஏன்?

வட்டியில் வாங்கும் ஆடை

இப்போது மையமான பேச்சுக்கு வருவோம். தவணை அட்டையில் தேய்த்தால் ஆடை உடனே கையில்; பணம் பிறகு. 'வட்டியில்லாத் தவணை' என்று விளம்பரம். 2013ஆம் ஆண்டிலேயே ரிசர்வ் வங்கி, கடன் அட்டையின் பூஜ்ய வட்டித் தவணைகளில் வட்டி பெரும்பாலும் நடைமுறைக் கட்டணம் என்ற பெயரில் மறைக்கப்பட்டு வாடிக்கையாளரிடமே வசூலிக்கப்படுகிறது என்று சுட்டிக்காட்டியது. பெயரை மாற்றினால் பொருள் மாறாது. அல்லாஹ் ஹராமாக்கிய வட்டியைச் சுமந்த சட்டையை அணிந்து, ஹலாலான சம்பாத்தியம் தேடப் புறப்படுவதா? நகையை வட்டிக்கு அடகு வைப்பதும் இதே பாதைதான்.

முதல் வேலையின் உடையில் இன்னொரு நோயும் ஒளிந்திருக்கிறது. 'பையன் பெரிய கம்பெனியில் இருக்கிறான்' என்று சம்பந்தம் பேச வருபவருக்குக் காட்ட வேண்டும். பெருமைக்காகவும் பிரபலத்துக்காகவும் உடை அணிபவருக்கு மறுமையில் இழிவின் ஆடை உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். நெஞ்சில் பெரிதாகப் பதித்த பிராண்ட் முத்திரை வேறு எதற்காக?

இதைக் கேட்டு, 'அப்படியானால் கசங்கிய சட்டையோடு போவதே பேணுதல்' என்று யாரும் மகிழ வேண்டாம். அழுக்கு ஆடையோடு இருந்தவரைக் கண்டு, இதைத் துவைக்க இவருக்கு ஏதும் கிடைக்கவில்லையா என்று கேட்டவர்கள் நபி (ஸல்) அவர்கள். நல்ல உடையும் நல்ல காலணியும் விரும்புவது பெருமையா என்று கேட்கப்பட்டபோது, சத்தியத்தை மறுப்பதும் மக்களை இழிவாகக் கருதுவதுமே பெருமை என்று தெளிவுபடுத்தினார்கள். ரஹ்மானின் அடியார்கள் செலவில் விரயமும் செய்யார், கஞ்சத்தனமும் செய்யார். இரண்டுக்கும் நடுவே நிற்பார்கள் என்று அல்ஃபுர்கான் அத்தியாயம் (25:67) வரையறுக்கிறது. கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்று நம் பாட்டிமார் சொன்னதும் இதற்கு அருகில்தான் நிற்கிறது.

பெற்றோர்களே! பிள்ளையைத் துணிக்கடைக்கு அனுப்புமுன், ஏற்கெனவே வேலையில் இருக்கும் அண்ணன்மாரிடம் ஒரு தொலைபேசி அழைப்பு போட்டு, அங்கு உண்மையில் என்ன அணிகிறார்கள் என்று கேளுங்கள். மூத்த சகோதரர்களே! நல்ல நிலையில் இருந்தும் அளவு மாறிவிட்ட உங்கள் சட்டைகளை ஊருக்கு வரும்போது எடுத்து வந்து, புதிதாக வேலைக்குச் செல்லும் தம்பிகளுக்குக் கொடுங்கள். கொடுப்பவர் யாரென்று நாலு பேருக்குத் தெரிய வேண்டியதில்லை; ஹதியாவாகவே கொடுங்கள். தம்பிகளே, தங்கைகளே! உங்கள் முதல் சம்பளம் தவணைக்காரன் கைக்குப் போவதைவிட உம்மாவின் கைக்குப் போவதே அழகு.

தக்வா என்னும் ஆடையை நமக்கு அணிவித்து, ஹலாலான சம்பாத்தியத்தில் பரக்கத்தையும், செலவில் நடுநிலையையும் அல்லாஹ் அருள்வானாக! ஆமீன்.