சீனப் பேரரசர் எழுதுவித்த தமிழ்

சீன அரண்மனை வாழ்வைக் காட்டும் கண்காட்சிகளில் பட்டங்கி, பீங்கான், அரியணை என்று பளபளப்புக்கே இடம் அதிகம். கண்ணுக்கு விருந்துதான். ஆனால் அந்த அரசவை எப்படி வேலை செய்தது என்பதை அறிய, கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு கல்லைப் பார்த்தால் போதும் என்பேன்.

சென்ற விடுமுறையில் அதைக் கண்டேன். உச்சியில் இரண்டு டிராகன்கள். கீழே வலப்பக்கம் சீனம், இடப்பக்கம் மேலே தமிழ், அதன்கீழ் பாரசீகம். மிங் பேரரசர் யோங்லெயின் பெயரால் 1409-இல் பொறிக்கப்பட்டு, கடற்படைத் தலைவர் செங் ஹே இலங்கைக்குக் கொண்டுவந்த கல் இது. 1911-இல் காலியில் கண்டெடுக்கப்பட்டபோது வடிகாலை மூடும் பலகையாகக் கிடந்ததாம்!

சீன வாசகம் புத்தருக்கும், தமிழ் வாசகம் தேனாவரை நாயனார் என்னும் திருமாலுக்கும், பாரசீக வாசகம் இஸ்லாம் சார்ந்தும் காணிக்கைகளைச் சொல்கின்றன. சீன வாசகத்தில் பொன் 1,000, வெள்ளி 5,000, நறுமண எண்ணெய் 2,500 கட்டி என்று கணக்கு நீள்கிறது. மற்ற இரண்டிலும் ஏறக்குறைய அதே அளவுதான்.

இதை வைத்து மேடையில் மார்தட்ட வேண்டியதில்லை. பக்தி மட்டும் அங்கே பேசவில்லை. 1411-இல் அதே கடற்படை இலங்கை அரசர் அழகக்கோனாரைச் சிறைபிடித்து நான்கிங்குக்குக் கொண்டுபோனது. பிறநாட்டுக் கடிதங்களை மொழிபெயர்க்க 1407-இல் தனி அலுவலகமே வைத்த காரியக்கார அரசவை அது. இந்துமாக்கடல் வணிகர்களிடம் பேசத் தமிழ் தேவைப்பட்டது, எழுதினார்கள். அவ்வளவுதான்.

இங்கே வைட்ஃபீல்டில் "தமிழ் சோறு போடுமா?" என்று கேட்கும் பெற்றோரை வாரந்தோறும் சந்திக்கிறேன். கணினி வேலைக்காகக் குடிவந்த நாம், பிள்ளைகளுக்கு ஆங்கிலமும் இந்தியும் பள்ளியில் வருகின்றன, கன்னடம் தெருவில் வருகிறது, தமிழ் வீட்டுப் பேச்சோடு நிற்கட்டும் என்று விட்டுவிடுகிறோம். கன்னடம் கட்டாயம் வேண்டும், ஐயமே இல்லை. ஆனால் ஒரு மொழி வந்தால் இன்னொன்று போக வேண்டும் என்று யார் சொன்னது? அந்தக் கல்லில் மூன்றும் பக்கம்பக்கமாகத்தானே நிற்கின்றன!

நம் சங்கத்தின் ஞாயிறு வகுப்பில் அக்கல்லின் பெரிய படத்தை மாட்டலாம். தேய்ந்த எழுத்துதான், பெரியவர்களே திணறுவார்கள். பிள்ளைகள் அதில் எத்தனை எழுத்தைக் கண்டுபிடிக்கிறார்கள் என்று பார்ப்போம். படம் அச்சிடும் செலவு என்னுடையது.