கைக்குட்டையும் ஒரு பெண்ணும்



டிப்ளமோ படிக்கிறவனுக்கு ஷேக்ஸ்பியர் எதுக்குடா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். ‘ஒதெல்லோ’ பொறாமையின் சோகக்கதை என்று எல்லோரும் சொல்றாங்க. எனக்கென்னவோ அது ஒரு சொத்துத் தகராறாகத்தான் தெரிகிறது. அந்தச் சொத்து யார்? டெஸ்டிமோனா!

முதல் காட்சியையே பாருங்கள். வெனிஸ் நகரத்துப் பெரியமனிதர் பிரபான்ஷியோவை நடுராத்திரியில் எழுப்பி இயாகோ போடும் கூச்சல் என்ன? திருடன் வந்துட்டான், வீட்டைப் பார், மகளைப் பார், பணப்பையைப் பார்! மகளும் பணப்பையும் ஒரே பட்டியலில். தானே விரும்பி ஒதெல்லோவை மணந்தவளை அவன் ‘திருடிவிட்டான்’ என்றுதான் அப்பாவும் வழக்காடுகிறார். அவளே சபைக்கு வந்து பேசிய பிறகுதான் அவர் வாய் அடைகிறது. அவள் பேச்சு எடுபட்டது அந்த ஒரு தடவைதான்.

பிறகு வருகிறது கைக்குட்டை. ஒதெல்லோ அவளுக்குத் தந்த முதல் பரிசு. அது கீழே விழ, தோழி எமிலியா எடுத்துத் தன் புருஷன் இயாகோவிடம் கொடுக்க, அவன் அதைக் காசியோவின் அறையில் போட, அங்கிருந்து பியாங்கா கைக்குப் போக... கை மாறியதெல்லாம் துணி. கெட்டுப்போனதாகத் தீர்ப்பு மட்டும் பெண்ணுக்கு! ஒர்க்‌ஷாப்பில் ஒரு ஜாப்பை ரிஜெக்ட் பண்ணும் முன் மைக்ரோமீட்டர் வைத்து இரண்டு முறை அளக்கிறோமே! காசியோவைக் கூப்பிட்டுக் கேளுங்கள் என்று அவள் கெஞ்சுகிறாள், ஒதெல்லோ கேட்கவில்லை. எமிலியா சத்தியம் செய்தும் நம்பவில்லை.

எல்லாம் இயாகோவின் சூழ்ச்சி என்று கணவனைத் தப்பவிட எனக்கு மனமில்லை. நிறத்தைச் சொல்லி ஒதெல்லோவை இழிவுபடுத்தினார்கள், அது கொடுமைதான். ஆனால், தூதர் லொடோவிகோ முன்னால் மனைவியை அடித்த கை யாருடையது?

மனைவிக்கும் கண் உண்டு, மூக்கு உண்டு, இனிப்பும் புளிப்பும் தெரியும் நாக்கு உண்டு என்று எமிலியாவைப் பேச வைத்தாரே, அதற்காக ஷேக்ஸ்பியருக்கு ஒரு கும்பிடு. அதையும் அன்று பெண்வேடமிட்ட பையன்தான் பேசினான் என்பது வேறு விஷயம். டெஸ்டிமோனாவாக ஒரு பெண் லண்டன் மேடையேறியது 1660-ல்தான்.

வீட்டுக்குப் போ என்ற புருஷனின் உத்தரவை மீறி உண்மையைப் போட்டு உடைத்தவளும் இந்த எமிலியாதான். அவளை இயாகோ குத்திக் கொன்றான். கடைசியில், கட்டிலைப் பார்க்கவே சகிக்கவில்லை, மூடிவையுங்கள் என்கிறார் லொடோவிகோ. அதே மூச்சில் ஒதெல்லோவின் வீடும் சொத்தும் யாருக்கு என்று பேச்சுப் போய்விடுகிறது. டெஸ்டிமோனாவின் சித்தப்பா கிராஷியானோவுக்காம்!