‘டோட்டல்’ என்னும் சொல்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்

மளிகைக் கடைச் சீட்டு முதல் மதிப்பெண் பட்டியல் வரை ‘டோட்டல்’ இல்லாத தாள் இல்லை. ‘முழுவதும்’ எனப் பொருள்படும் ‘டோட்டஸ்’ என்ற இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது இது. ஆங்கிலத்தில் பெயராக வந்தால் கூட்டுத்தொகை. வினையாக வந்தால் கூட்டுதல். அடையாக வந்தால் முழுமை. நாமும் ‘டோட்டல் போடு’ என்கிறோம். ‘டோட்டலாகப் போயிற்று’ என்றும் சொல்கிறோம்.

கூட்டுத்தொகை வேறு, முழுமை வேறு. தமிழில் இரண்டுக்கும் தனிச்சொற்கள் உண்டு. ஆங்கிலச் சொல்லோ இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. அதனால் கூட்டி வந்த எண்ணைக் கண்டதும் முழு உண்மையையும் கண்டுவிட்டதாக நம்பிவிடுகிறோம். இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று.

தேர்வில் மறுகூட்டல் கேட்டால் கூட்டல் பிழைதான் திருந்தும்; விடைக்கு உரிய மதிப்பெண் கிடைத்ததா என்பதற்கு மறுமதிப்பீடு வேண்டும். சிப்காட் தொழிலாளியின் சம்பளச் சீட்டிலும் ‘டோட்டல் பிடித்தம்’ என்ற ஒரே எண் போதாது. வைப்பு நிதிக்கு 12 சதவீதம், ஈ.எஸ்.ஐ.க்கு 0.75 சதவீதம் எனப் பிரித்துப் பார்த்தால்தான் பிடித்த பணம் நம் கணக்கில் சேர்ந்ததா என்று கேட்க முடியும். எங்கள் வீட்டில் அச்சீட்டைப் படித்துச் சொல்பவன் நான்தான்.

தண்ணீருக்கு வருவோம். நம் மாவட்டத்து மீஞ்சூர்ப் பகுதியில் நிலத்தடி நீரை அளவின்றி இறைத்ததால் கடல்நீர் உட்புகுந்தது யாவரும் அறிந்ததே. இன்று டி.டி.எஸ். கருவியை நீரில் தோய்த்து, ‘300தான், நல்ல தண்ணீர்’ என்கிறார்கள். இந்த ‘டி’யும் டோட்டல்தான்! இந்தியத் தர நிர்ணயப்படி லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. ஆனால் அக்கருவி அளப்பது மின்கடத்துதிறனை மட்டுமே. உப்பைக் கரைத்தால் எண் ஏறும். சர்க்கரையைக் கரைத்தால் ஏறாது. ஈயத்தின் வரம்பு 0.01 மில்லிகிராம், அதைப்போல் பத்து மடங்கு ஈயம் கலந்திருந்தாலும் அந்த 300 காட்டிக்கொடுக்காது.

நண்பர்களே, நம் ஆய்வுக்கூடத்தில் ஈ.டி.டி.ஏ. கொண்டு நீரின் கடினத்தன்மையையும், வெள்ளி நைட்ரேட் கொண்டு குளோரைடையும் தரம் பார்க்கிறோம். பதிவேட்டுக்காகச் செய்யும் அச்சோதனையை அவரவர் ஊர்க் கிணற்று நீரில் செய்தால் என்ன? ஈயத்தை அறிய வேறு கருவி வேண்டும். ஆயினும் எண்ணைப் பிரித்துக் கேட்கும் பழக்கம் ஊருக்கு வந்துவிடும். பேராசிரியர்கள் இசைவு தந்தால், கும்மிடிப்பூண்டியிலிருந்து முதல் குடுவையை நான் கொண்டு வருகிறேன்.