வலிக்கவில்லை என்பது சாட்சியல்ல

சென்ற இதழில் வந்த ‘விசுவாசமே மருந்து’ கட்டுரையை இரண்டு முறை வாசித்தேன். முதல் முறை கோபத்தில் பாதிதான் கண்ணில் பட்டது. இரண்டாம் முறை நிதானமாக வாசித்தபோது பக்கத்தில் அச்சாகியிருந்த கட்டுரையாளரின் படத்தையும் பார்த்தேன். கண்ணாடி போட்டிருக்கிறார். நல்ல கனமான கண்ணாடி. பார்வைக் குறைவு மட்டும் அவிசுவாசத்தின் கணக்கில் வராது போலிருக்கிறது.

அவர் சொல்வது இதுதான். சிலுவையிலேயே நோய் தீர்ந்துவிட்டது. அதன்பிறகும் ஒரு கிறிஸ்தவன் படுக்கையில் கிடந்தால் அது அவனுடைய அவிசுவாசம், இல்லாவிட்டால் அறிக்கையிடாத பாவம். மாத்திரையை நம்புகிறவன் கர்த்தரைப் பாதிதான் நம்புகிறான். மருந்தைத் தூக்கியெறியும் அன்றைக்குத்தான் விடுதலை முழுமையாகிறது.

நான் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவன். ஜெபத்தில் சுகம் கிடைக்கும் என்று நம்புகிறவன். கிறிஸ்துவுக்குள் மனிதன் விடுதலையாகிறான் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆகவே ‘நாத்திகன் உளறுகிறான்’ என்று சொல்லி இதை ஒதுக்கிவிட அவருக்கு வழியில்லை. வேதத்தை வைத்தே பேசுவோம். அவர் ஆரம்பித்ததும் அங்கேதானே.

எடுத்த எடுப்பில் ஆசா ராஜாவைக் கூட்டிவருகிறார். காலில் நோய் வந்தபோது ஆசா கர்த்தரைத் தேடாமல் வைத்தியர்களைத் தேடினான், செத்தான் என்கிறார். அதே அதிகாரத்தில் கொஞ்சம் மேலே போயிருக்கலாம். ஆலயத்துப் பொக்கிஷத்தை எடுத்துச் சீரியா ராஜாவுக்கு அனுப்புகிறான் ஆசா. அதைக் கண்டித்த ஞானதிருஷ்டிக்காரனைக் காவலில் போடுகிறான். ஜனங்களில் சிலரைக் கொடுமைப்படுத்துகிறான். அவன்மேல் உள்ள புகார் கர்த்தரைத் தேடாமல் போனது. வைத்தியரிடம் போனது அல்ல. சாகக் கிடந்த எசேக்கியா ராஜா கதையை மட்டும் கட்டுரையாளர் ஏன் தொடவில்லை? எசேக்கியா அழுது ஜெபித்தான். 15 வருடம் ஆயுசு கூட்டித் தரப்படும் என்ற வாக்கும் வந்தாயிற்று. அதற்குப் பிறகும் ஏசாயா அத்திப்பழ அடையைக் கொண்டுவந்து பிளவையின்மேல் பற்றுப்போடச் சொல்கிறார். வாக்குத்தத்தம் கையில் இருக்கும்போது பற்று எதற்கு என்று எசேக்கியா கேட்கவில்லை. கேட்டிருந்தால் நம் கட்டுரையாளருக்கு ஒரு நல்ல உதாரணம் கிடைத்திருக்கும்.

அடுத்து, பெரும்பாடுள்ள ஸ்திரீ. 12 வருடம் வைத்தியர்களிடம் அலைந்தாள், சொத்தெல்லாம் போயிற்று, நோய்தான் அதிகமாயிற்று. பார்த்தீர்களா மருத்துவத்தின் லட்சணத்தை என்கிறார். பார்த்தேன். கைப்பொருளையெல்லாம் வாங்கிக்கொண்டு, நோயையும் முற்றவிட்டு அனுப்புகிறவர்கள் அந்தக் காலத்தில் வைத்தியர் வேஷத்தில் இருந்தார்கள். இந்தக் காலத்தில் எந்த வேஷத்தில் இருக்கிறார்கள் என்று நான் சொல்ல வேண்டுமா?

யாத்திராகமத்தில் கர்த்தர் தம்மைக் குணமாக்குகிறவர் என்று சொல்லும் இடத்தில் நம் தமிழ் வேதாகமம் போட்டிருக்கும் சொல் ‘பரிகாரி’. பரிகாரி என்றால் வைத்தியர். யாழ்ப்பாணத்தில் நாட்டு வைத்தியரைப் ‘பரியாரி’ என்பது இதே சொல்தான். வேதத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர்கள் வைத்தியரின் பெயரை எடுத்துக் கடவுளுக்கே சூட்டினார்கள். இவர் அந்தப் பெயரைச் சாத்தானின் வேலைக்காரர் பட்டியலில் சேர்க்கிறார்.

சரி, அவருடைய விசுவாச அளவுகோலுக்கு வருவோம். திமிர்வாதக்காரனை நாலு பேர் சுமந்துவந்து, கூரையைப் பிரித்து இறக்கினார்கள். இயேசு யாருடைய விசுவாசத்தைக் கண்டார்? ‘அவர்கள்’ விசுவாசத்தை. தூக்கிவந்தவர்களின் தோள்பட்டையில் இருந்தது அது. படுத்திருந்தவனிடம் யாரும் கணக்குக் கேட்கவில்லை. கெத்செமனேயில் மல்குஸின் காது அறுந்தது. அவன் இயேசுவைப் பிடிக்க வந்த கும்பலில் ஒருவன். அவனுக்கு எத்தனை கிராம் விசுவாசம் இருந்ததாம்? காது ஒட்டிற்று. மறுபக்கம் பவுல் தன் மாம்சத்தில் இருந்த முள்ளுக்காக மூன்று தரம் வேண்டிக்கொண்டும் அது நீங்கவில்லை. அதே பவுல் துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியோடு விட்டுவந்தார்; தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்குக் கொஞ்சம் திராட்சரசம் குடிக்கச் சொன்னார்; லூக்கா என்ற வைத்தியரைக் கூடவே வைத்திருந்தார். நம் ஊர் சுகமளிக்கும் கூட்டத்தின் சுவரொட்டியில் படம் போடப் பவுலுக்குத் தகுதி இல்லை.

இதெல்லாம் வசனச் சண்டை. இதில் அவரும் நாலு வசனம் எடுத்துப் போடுவார். என்னை இதை எழுதவைத்தது வேறு.

என் பெரியம்மாவுக்குச் சர்க்கரை வியாதி, 20 வருடமாக. எங்கள் ஊர் மைதானத்தில் மூன்று இரவு விடுதலைக் கூட்டம் நடந்தது. இரண்டாம் நாள், விசுவாசிக்கிறவர்கள் மாத்திரையை மேடைக்குக் கொண்டுவரலாம் என்று மைக்கில் அழைப்பு வந்தது. காணிக்கைப் பை சுற்றிவந்த அதே வரிசையில் ஒரு பிளாஸ்டிக் கூடையும் வந்தது. பெரியம்மா முந்தானையில் முடிந்து வைத்திருந்த சர்க்கரை மாத்திரை அட்டையை அதில் போட்டார். மேடையேறிச் சாட்சியும் சொன்னார். கைதட்டல். அல்லேலூயா. ஜெபித்துத் தந்த எண்ணெய் ஒரு சின்னப் புட்டி.

ஆறு வாரம் கழித்து, பேத்திதான் முதலில் பார்த்தாள். மொசைக் தரையில் ஒற்றைக் காலின் ஈரத்தடம், அடுப்படியிலிருந்து திண்ணைவரை. பெரியம்மாவின் ரப்பர் செருப்பில் ஒரு சின்ன ஆணி ஏறி, அடியைத் துளைத்து, குதிகாலுக்குள் போயிருந்தது. எத்தனை நாளாக அதன்மேல் நடந்தாரோ. நான் போனபோது புண்ணில் அந்த எண்ணெய் மினுமினுத்தது. அறையில் ஒரு வாடை. டாக்டரிடம் போகலாம் என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னார்: “வலியே இல்லடா தம்பி. கர்த்தர் தொட்டுட்டாரு.”

கூட்டம் நடத்திய ஊழியரிடமும் அதைத்தான் சொல்லியிருந்தார். வலியில்லை என்பதையே அவர் அடுத்த கூட்டத்துக்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வருடக்கணக்கில் சர்க்கரை ஏறி நிற்கும் உடம்பில் கால் நரம்பு செத்துப்போகும். வலிக்காதது சுகம் அல்ல, நோயே அதுதான். இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் அல்ல. வேலூரில், ஒரு மிஷனரி டாக்டர் நமக்கெல்லாம் காட்டிவிட்டுப் போனது.

பால் பிராண்ட் 1914-இல் கொல்லிமலையில் பிறந்தவர். மலைமக்கள் நடுவில் ஊழியம் செய்த அவருடைய தகப்பனார் ஜெசி பிராண்ட் 1929-இல் அந்த மலையிலேயே காய்ச்சலில் இறந்தார். கட்டுரையாளரின் கணக்குப்படி அவரும் அவிசுவாசிதான். மகன் 1946-இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்தார். தொழுநோய் சதையைத் தின்கிறது, விரல்கள் தானாக உதிர்கின்றன என்றுதான் அன்றுவரை எல்லாரும் நினைத்திருந்தார்கள். பிராண்ட் நோயாளிகளின் கைகளைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தார். விரலை நோய் தின்னவில்லை. நோய் நரம்பைக் கொன்றது, வலி போயிற்று, வலி போனதால் சூடும் வெட்டும் தெரியாமல் புண்ணாகி விரல் போயிற்று. ராத்திரி படுத்து எழுந்தால் சிலருக்கு விரல் குறைந்திருந்தது. கண்விழித்துக் காவலிருந்து பார்த்ததில், எலி வந்து கடித்திருக்கிறது; படுத்திருந்தவருக்குத் தெரியவே இல்லை. அதன்பிறகு அங்கே பூனை வளர்த்தார்கள். எளிமையான வைத்தியம். பூனை வளர்ப்பது அவிசுவாசமா என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

அதே பிராண்ட் ஒருமுறை நீண்ட பயணம் முடிந்து லண்டனில் ஒரு விடுதி அறையில் காலுறையைக் கழற்றும்போது தன் குதிகாலில் உணர்ச்சியே இல்லை என்று கண்டார். ஊசியால் குத்தினார்; ரத்தம் வந்தது, வலி வரவில்லை. நமக்கும் வந்துவிட்டது என்று இரவெல்லாம் தூங்கவில்லை. காலையில் மறுபடி குத்தினார். உயிர் போகிற மாதிரி வலித்தது. நரம்பு மரத்துப்போயிருந்தது, அவ்வளவுதான். அந்த வலிக்காக அவர் கடவுளுக்கு நன்றி சொன்னார். பின்னாளில் அமெரிக்காவில் அவர் சர்க்கரை நோயாளிகளின் கால்களையும் கவனித்தார். தொழுநோயாளியின் பாதத்தில் கற்றது அப்படியே பொருந்திற்று.

பெரியம்மாவின் கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. ஊழியர் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. ஆள் அனுப்பி, மாத்திரையை விட்டபோது மனதில் எங்கோ சந்தேகம் இருந்திருக்கும், அறிக்கையிட வேண்டியது ஏதாவது இருக்கும் என்று சொல்லச் சொன்னார். வெட்டின காலின் காயம் ஆறும் முன்னால் இது. யோபுவின் சிநேகிதராவது நேரில் வந்து, ஏழு நாள் தரையில் கூடவே உட்கார்ந்திருந்துவிட்டு வாயைத் திறந்தார்கள். அவர்கள்மேலேயே கர்த்தருக்குக் கோபம் மூண்டது.

கட்டுரையாளருக்கு நான் ஒரு பெயர் சொல்கிறேன்: மேரி வர்கீஸ். வேலூரில் படித்த டாக்டர். 1954-இல் ஒரு வாகன விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே செயலற்றுப்போயிற்று. அவருக்காக ஜெபிக்க ஆளில்லாமலா போயிற்று? சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு மறுவாழ்வு மருத்துவம் படித்துவந்து, வேலூரில் அதற்கென்று ஒரு துறையை வளர்த்தெடுத்தார். 1972-இல் பத்மஸ்ரீ. 1986-இல் இறந்தார். கால்கள் கடைசிவரை அசையவில்லை. எழுந்து நடந்திருந்தால் விடுதலைக் கூட்டத்தில் அரைமணி நேரச் சாட்சி. நடக்காததால் பட்டியலிலேயே பெயர் இல்லை. எனக்குத் தெரிந்து கிறிஸ்துவுக்குள் விடுதலை என்பதற்கு அந்த நாற்காலியைவிட நல்ல சாட்சி இந்த மாவட்டத்தில் வேறு இல்லை. தன் உடம்பின்மேல் வெட்கமும் கசப்பும் இல்லாமல் ஊரார் தொடப் பயந்த கையைத் தொடுகிற விடுதலை அது.

விடுதலை என்ற சொல்லைக் கட்டுரையாளர் மனநோயாளிகளின் பக்கமும் நீட்டுகிறார். அங்கேதான் எனக்குப் பயம் வருகிறது. ‘கட்டி வைத்தாவது ஜெபியுங்கள்’ என்று எழுதியிருக்கிறார். கதரேனர் நாட்டில் அந்த மனிதனை விலங்கும் சங்கிலியும் போட்டுக் கட்டியது ஊர்க்காரர்கள். இயேசு வந்தபின் அவன் வஸ்திரம் தரித்து, புத்தி தெளிந்து உட்கார்ந்திருந்தான். வீட்டுக்குப் போ என்று அனுப்பப்பட்டான். சங்கிலி எந்தப் பக்கத்தில் இருந்தது என்று கவனியுங்கள். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகக் கொட்டகை தீப்பிடித்தபோது 28 பேர் செத்தார்கள். சங்கிலியில் கட்டிக்கிடந்ததால் ஓட முடியவில்லை. அவர்களையும் சுகமாகும் என்று நம்பித்தான் அந்த ஊருக்குக் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். அதைப் படித்த பிறகும் ‘கட்டி வைத்தாவது’ என்று எழுதக் கை வருகிறவருக்கு நான் என்ன வசனம் காட்டுவது?

பிசாசு இயேசுவைத் தேவாலயத்து உப்பரிகையில் நிறுத்தி, தூதர்கள் தாங்குவார்கள், குதி என்றான். வசனம் சொல்லித்தான் கூப்பிட்டான். இயேசு குதிக்கவில்லை. மாத்திரைக் கூடையைச் சுற்றவிட்டவர் எங்கள் பெரியம்மாவைக் குதிக்கச் சொன்னார். தான் மேடையிலிருந்து படி வழியாகப் பத்திரமாக இறங்கினார்.

பெரியம்மாவுக்கு இப்போது செயற்கைக் கால். ஊழியரைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகப் பேசமாட்டார். நான் பேசினால் என்னைத்தான் அதட்டுகிறார். ராத்திரி ஒன்பது மணிக்கு ஜெபம். முடிந்ததும் ஆமென் சொல்லிவிட்டு, தலையணைக்கு அடியிலிருந்து ஒரு கைக்கண்ணாடியை எடுப்பார். ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா சொல்லிக்கொடுத்தது. மிச்சமிருக்கும் ஒரு காலைத் தூக்கி, கண்ணாடியை அடியில் பிடித்து, குதிகாலையும் விரலிடுக்கையும் ஒவ்வொன்றாகப் பார்ப்பார். பேத்தி டார்ச் அடிப்பாள். அதன்பிறகு, காலையில் போட வேண்டிய மாத்திரை டப்பியில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, விளக்கை அணைப்பார்கள்.