பையில் ஒரு போர்வைக்கும் இடம் வேண்டும்

2018 ஆகஸ்டு வெள்ளத்தில் கற்ற பாடத்துக்குப் பிறகு, வீட்டுக்கு வீடு ஓர் அவசரகாலப் பையைத் தயாராக வைத்திருக்கும்படி கேரள மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் சொல்லி வருகிறது. திருவனந்தபுரத்திலிருந்து அது வெளியிட்டு, மழைக்காலம்தோறும் நாளிதழ்களிலும் வாட்ஸ்அப்பிலும் சுற்றிவரும் பட்டியல் அக்கறையோடு செய்யப்பட்டது. டார்ச், ரேடியோ, அரை லிட்டர் தண்ணீர், ஓ.ஆர்.எஸ். பாக்கெட், அன்றாட மருந்து, 100 கிராம் வேர்க்கடலை, உலர்திராட்சை, குளோரின் மாத்திரை, சிறு கத்தி, ஆவணங்கள், கொஞ்சம் பணம் என்று பசிக்கும் தாகத்துக்கும் இருட்டுக்கும் அதில் வழி இருக்கிறது. நனைந்த உடம்புக்குப் போர்வை மட்டும் இல்லை. அந்தப் பட்டியலில் ஆளுக்கு ஓர் அவசரகாலப் போர்வையும் சேர வேண்டும்.

திருவனந்தபுரத்தில் எங்கே குளிர் என்று கேட்கலாம். அடைமழை இரவில்கூட இங்கே வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே போவது அரிது. ஆனால் உடம்புக்கு வேண்டியது 37 டிகிரி. அதன் உள்வெப்பம் 35-க்குக் கீழே இறங்கினாலே ஆபத்து தொடங்கிவிடுகிறது. தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடல் சூட்டை இழுத்துக்கொள்ளும். ஈரத்துணியோடு காற்றில் நிற்பவருக்கு முதலில் நடுக்கம், பிறகு பேச்சுக் குழறல், அதற்கும் பிறகு எங்கே இருக்கிறோம் என்ற நினைவே தடுமாறும். கைக்குழந்தைக்கும் முதியவருக்கும் இது இன்னும் சீக்கிரம் வரும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயலில் சிக்கிய பூந்துறை, விழிஞ்ஞம் மீனவர்கள் பலர் கவிழ்ந்த படகைப் பற்றிக்கொண்டு மணிக்கணக்கில் கிடந்தது வெதுவெதுப்பான நம் கடலில்தான். 2024 ஜூலை 30 பின்னிரவில் வயநாட்டின் முண்டக்கையிலும் சூரல்மலையிலும் மலை சரிந்தபோது, தப்பியவர்கள் சேறும் ஈரமுமாக விடியும்வரை மேட்டில் காத்திருந்தார்கள். காயம்பட்டவருக்குக் குளிர் இரட்டைப் பகை. உடல் சூடு குறைந்தால் ரத்தம் உறைவது தாமதமாகும், நிற்க வேண்டிய ரத்தம் நிற்காது.

இந்த அவசரகாலப் போர்வை 1964-இல் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் தேவைக்காக உருவானது. மிக மெல்லிய பிளாஸ்டிக் தாளின்மேல் அலுமினியப் பூச்சு. உடம்பிலிருந்து கதிராக வெளியேறும் சூட்டின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். மடித்தால் உள்ளங்கைக்குள் அடங்கும், எடை 50, 60 கிராம்தான். பிரித்தால் சரசரவென்று சத்தமிட்டு ஓர் ஆளை முழுக்கச் சுற்றும் அளவுக்கு விரியும். மறுபடி அந்த அளவுக்கு மடிக்க யாராலும் முடியாது. அதன் குறைகளையும் மறைக்கக் கூடாது. அது தானாகச் சூடு தராது, இருக்கிற சூட்டைத்தான் காக்கும். ஈரத்துணியைக் களைந்து, உலர்ந்த லுங்கியோ வேட்டியோ சுற்றி, அதன்மேல்தான் போர்த்த வேண்டும். தரையில் நேராக உட்கார்ந்தால் சூடு கீழ்வழியே போய்விடும், அட்டையோ செய்தித்தாளோ விரித்துக்கொள்ள வேண்டும். குழந்தைக்குப் போர்த்தினால் முகம் திறந்திருக்கட்டும். தீயின் பக்கமும், அறுந்து கிடக்கும் மின்கம்பியின் பக்கமும் கொண்டுபோகவே கூடாது.

வீட்டில் இருக்கும் கம்பளி போதாதா? உலர்ந்திருக்கும்வரை கம்பளிதான் மேல், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இடுப்பளவு தண்ணீரில் பாட்டியையும் பிள்ளையையும் தாங்கி நடப்பவர் நான்கு கம்பளியைத் தலையில் சுமக்க முடியாது. நனைந்தால் கம்பளியின் பாரம் இன்னும் கூடும். முகாமில் பாயும் விரிப்பும் கொடுப்பார்களே என்பதும் சரிதான். 2019 ஆகஸ்டில் திருவனந்தபுரம் மாநகராட்சியே லாரி லாரியாக வடக்கு மாவட்டங்களுக்கு நிவாரணப் பொருள் அனுப்பியது. ஆனால் அந்த லாரி வந்து சேருவதற்கு முன் ஓர் இரவு இருக்கிறது. 2023 அக்டோபரில் நகரின் ஆமயிழஞ்சான் ஓடை பெருகி கண்ணம்மூலையிலும் கௌரீசபட்டத்திலும் வீடுகளுக்குள் தண்ணீர் ஏறியபோது, முகாம் திறக்கும் வரை அந்தத் தண்ணீர் காத்திருக்கவில்லை. விலையைச் சொல்லித் தட்டிக்கழிக்கவும் வழியில்லை, ஒரு நல்ல குடைக்குக் கொடுப்பதைவிட இது குறைவு. ஆனால் அதைக்கூட வாங்க முடியாத வீடுகள்தான் ஓடைக் கரையில் இருக்கின்றன. அங்கே வார்டு வழியாக மாநகராட்சியே கொடுப்பதுதான் நியாயம்.

ஆணையம் அடுத்த முறை பட்டியலை வெளியிடும்போது இந்த ஒரு வரியைச் சேர்க்கட்டும். நகரின் சாலை, கரமனைப் பகுதிகளில் தமிழ் பேசும் வீடுகள் இருப்பதால் தமிழிலும் அதை அச்சிடட்டும். அதுவரை ஐப்பசியில் வரும் துலாமழைக்குக் காத்திராமல், ஆளுக்கு ஒரு போர்வையும் ஓர் உலர்ந்த லுங்கியும் பிளாஸ்டிக் உறையில் இறுகக் கட்டிப் பையில் வையுங்கள். பையைப் பரணில் போடாமல், வாசல் பக்கம் கைக்கு எட்டும் ஆணியில் மாட்டுங்கள்.