நாளைப் போவார் இன்றே போகட்டும்!

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வெளிநாட்டுப் பயணமா? ஆகாய விமானமா? ஊரார் வரிப்பணத்தில் உல்லாசமா? இப்படிக் கேட்கிறார்கள் சில கனவான்கள். கேட்பவர் யாரென்று பாருங்கள், தோழர்களே! தம் வீட்டுப் பிள்ளை சிங்கப்பூர் போனபோது அதற்குக் 'கல்விச் சுற்றுலா' என்று பெயர் வைத்தவர்கள் இவர்கள். கடலூர் முதுநகரில் வலை இழுப்பவன் மகனும், பண்ருட்டியில் முந்திரி உடைப்பவள் மகளும் புறப்பட்டால் மட்டும் அது வீண் செலவாகிவிடுகிறது!

நடந்ததைப் பார்ப்போம். 2019 ஜனவரியில் அரசுப் பள்ளி மாணவர் 50 பேர் பின்லாந்துக்கும் சுவீடனுக்கும் அனுப்பப்பட்டனர். 2022 நவம்பரில் போட்டிகளில் வென்ற பிள்ளைகள் சார்ஜா சென்றனர். 2024 ஜூனில் 'நான் முதல்வன்' திட்டத்தின்கீழ் கல்லூரி மாணவர் 25 பேர் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தில் பயிற்சி பெற்றுத் திரும்பினர். இடையிலே ஆட்சி மாறிற்று, பயணம் நிற்கவில்லை. நல்ல காரியம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பயணத்தின் அருமை சிதம்பரத்து மக்களுக்குத் தெரியும். பண்ணை வேலை ஒருபுறம், பிறவி இழிவு மறுபுறம் காலைப் பிடித்திழுக்க, 'நாளைப் போவேன், நாளைப் போவேன்' என்றே காலத்தைக் கழித்தான் நந்தன். திருநாளைப்போவார் என்று அவனுக்குப் பெயரே வந்துவிட்டது. அந்தப் பெயரிலே பக்தியைக் கண்டவர் பலர். உழைப்பவனுக்குப் பக்கத்து ஊருக்கு நடக்கவும் உரிமையில்லை என்ற கொடுமையைக் கண்டவர் சிலர். அந்தச் சிலரில் ஒருவர் சுவாமி சகஜானந்தர். 1916-ல் அதே சிதம்பரத்தில், நந்தனார் பெயராலேயே கல்விக் கழகம் கண்டார். கோயில் வாசலில் தடுக்கப்பட்டவர்களின் பிள்ளைகள் பள்ளி வாசலில் நுழைந்தார்கள்.

தில்லைக் கூத்தனின் சிலை 2004-ல் இந்திய அரசின் அன்பளிப்பாக ஜெனீவா அருகேயுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆண்டவன் சிலைக்குக் கிடைத்த பயணம், தில்லைத் தெருவில் விளையாடும் ஏழையின் பிள்ளைக்குக் கிடைக்கலாகாதா?

ஆனால், போனால் மட்டும் போதுமா? 'பண்பாட்டுப் பரிமாற்றம்' என்கிறார்கள். பரிமாற்றம் என்றால் கொடுக்கல் வாங்கல். வாங்க மட்டும் போகிறவன் விருந்தாளி. கொடுக்கவும் போகிறவன்தான் தூதன். நமக்கு இது புதிதல்ல. 1929-ல் பிறந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கு 1931-ல் தமிழ்ப் பேராசிரியராக வந்தவர் ஈழத்து விபுலானந்த அடிகள். தனிநாயகம் அடிகள் ஈழத்தில் பிறந்தவர். சிதம்பரத்தில் வந்து தமிழ் கற்றார். மலாயாப் பல்கலைக்கழகம் சென்று கற்பித்தார். 1966-ல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு கூட உழைத்தார். உலகம் நம் ஊருக்கு வந்து கற்றது, தோழர்களே! நம் பிள்ளைகள் அங்கே கைகட்டி நிற்க வேண்டிய அவசியமில்லை.

பின்லாந்திலே எல்லா மாணவருக்கும் பகலுணவு இலவசம். 1948 முதல் அங்கே நடைமுறை. நம் பிள்ளை அதை வாய்பிளந்து கேட்க வேண்டாம். "1920-லேயே சென்னை ஆயிரம் விளக்குப் பள்ளியில் சோறு போட்டோம், 1956-ல் காமராசர் காலத்தில் மாநிலமெங்கும் போட்டோம், 2022 முதல் காலையிலும் போடுகிறோம்" என்று சொல்லட்டும். அதன்பிறகு, "உங்கள் பள்ளியில் ஆசிரியராவதற்கு முதுகலைப் பட்டம் கட்டாயம் என்கிறீர்களே, அதை எப்படிச் சாதித்தீர்கள்?" என்று கேட்கட்டும். இதுதான் பரிமாற்றம்.

டர்ஹாமை எடுத்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழகமும் பழைய கோட்டையும் மட்டுமா டர்ஹாம்? நிலக்கரி வெட்டி வாழ்ந்த மாவட்டம் அது. 1871-ல் தொடங்கிய சுரங்கத் தொழிலாளர் விழா, இன்றும் ஜூலை மாதத்தில் கொடியும் வாத்தியமுமாக நடக்கிறது. சுரங்கங்களோ 1990-களின் தொடக்கத்திலே மூடப்பட்டுவிட்டன. விழா இருக்கிறது; வேலை இல்லை!

நம் கடலூர் மாவட்டத்து நெய்வேலியை நினைத்துப் பாருங்கள். 1962-ல் அங்கே மின்சாரம் பிறந்தது. அனல்மின் நிலையத்துக்குச் சோவியத் நாடு துணை நின்றது. மண்ணை வாரும் ராட்சத எந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தன. அவற்றை இயக்கக் கற்றவன் நம் தென்னார்க்காட்டுத் தொழிலாளி. கரி நின்றுபோனால் ஊர் என்னாகும்? சுரங்கம் மூடிய பின் டர்ஹாம் தொழிலாளியின் மகன் என்ன வேலைக்குப் போனான்? கோட்டையைப் படம் பிடித்துக் கொண்டுவர ஆயிரம் பேர் உண்டு. இந்தக் கேள்விக்கு விடை கொண்டுவர, நெய்வேலித் தொழிலாளியின் பிள்ளையை விட்டால் யாருண்டு?

ஆகவே, ஆட்சியாளருக்கு மூன்று சொல்வோம். முதலாவது, தேர்வு. முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட அரசுப் பள்ளிகள் உள்ள நாட்டில் ஐம்பது பேரும் இருபத்தைந்து பேரும் பெருங்கடலில் சிறுதுளி. அந்தத் துளியும் சரளமாக ஆங்கிலம் பேசுபவனுக்கே என்றால், வாசல் திறந்தும் பூட்டியதற்கே சமம். தமிழில் சிந்திப்பவனையும் தேர்ந்தெடுங்கள். மொழிபெயர்ப்பாளர் ஒருவரை உடன் அனுப்புங்கள். இரண்டாவது, செலவு. கடவுச்சீட்டு, குளிர்ச்சட்டை, பெட்டி எல்லாம் சர்க்கார் பொறுப்பு. மகளை வழியனுப்பத் தாய் தோட்டை அடகு வைக்கலாகாது. மூன்றாவது, திரும்பிய பின். கண்டுவந்ததைத் தன் பள்ளியிலும் பக்கத்துப் பள்ளிகளிலும் அந்தப் பிள்ளை சொல்ல ஏற்பாடு வேண்டும். 1931 டிசம்பரில் கப்பலேறிய பெரியார், 1932 நவம்பரில் சும்மாவா திரும்பினார்? கண்டதையெல்லாம் ஈரோட்டுத் திட்டமாக்கினார். அவர் பெயரைத் தாங்கிய கல்லூரி கடலூர் தேவனாம்பட்டினத்திலே இருக்கிறது. அங்கே படிப்பவர் அறியட்டும்.

தோழர்களே, நமக்கும் வேலை உண்டு. பிறப்புச் சான்று இல்லாமல் தவிக்கும் குடும்பங்கள் நம் தெருவிலே உண்டு. மன்றந்தோறும் உட்கார்ந்து மனு எழுதித் தாருங்கள். பெண்பிள்ளையைக் கடல் கடந்து அனுப்பத் தயங்கும் தாயிடம் பேசுங்கள். திரும்பி வந்த பிள்ளைக்கு மாலை போட்டதோடு நிறுத்தாதீர்கள். மேடையேற்றிக் கேள்வி கேளுங்கள்.

நந்தன் நாளை, நாளை என்று ஏங்கினான். அவன் வழிவந்த பிள்ளைகளை இன்றே அனுப்புவோம்!