காட்டையும் துண்டாடினர்

தோட்டத் துண்டாடலில் வேலையும் வீடும் ஒருசேரப் பறிபோனதை நாம் மறக்கவில்லை. அதே கதி காட்டுக்கும் வந்ததை ஸ்ரீ கெம்பாங்கான் தோழர்கள் கண்ணாரக் காணலாம். பக்கத்திலிருக்கும் ஆயர் ஹீத்தாம் காடு 1906-ல் காப்புக்காடானபோது 4,000 ஹெக்டருக்கு மேல். எஞ்சியது சுமார் 1,200. சுற்றிலும் வீடமைப்பும் சாலையும். விலங்குகள் வேறு காட்டுக்குப் போக வழியில்லை. 1996-ல் புத்ரா பல்கலைக்கழகத்துக்கு 80 ஆண்டுக் குத்தகைக்கு விட்டதால் இதாவது தப்பியது.

விடுமுறையில் பூச்சோங் பக்கம் குன்றேறக் கூட்டம் வருகிறது. வரட்டும். தலைமுறையாய்க் காடறிந்த தெமுவான் மக்களுக்கு அதில் பங்கு என்ன? "சேவை" என்ற பெயரில் குறைகூலி வாங்கிய அனுபவம் நமக்குண்டு! அவர்களையே வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் அமர்த்தி, மாதச் சம்பளமும் சொக்சோ பாதுகாப்பும் கிடைக்க மாநில அரசு வழிசெய்ய வேண்டுமெனக் கோருகிறோம்.